கீழே, வலது, வலது, மேலே, இடது

சான்றிதழ் வந்துவிட்டது. மதியம் ஓ.பி. முடிந்ததும் நம் பயிற்சிக்குப் பொறுப்பான அக்கா கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்டே வந்திருந்தது. விடுதிக்குக் கொண்டு வந்து மாட்டுவதற்கு ஆணி தேடினேன். நம் அறையில் ஒரே ஓர் ஆணிதான் என்பது உனக்குத் தெரியும். அதில் உன் குச்சி தொங்குகிறது.

பனைமட்டையைச் சீவி நீயே செய்த குச்சி. நுனியில் சிவப்பு நகச்சாயம் பூசியிருப்பாய். அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுச் சட்டத்தை மாட்டலாம் என்று நினைத்தேன். மின்சாரம் இல்லை, காற்றாடி ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. நான் தொடுவதற்கு முன்பே குச்சி ஆடிச் சுவரில் இரண்டு முறை தட்டியது. டக், டக்.

கையை இழுத்துக்கொண்டேன். சட்டத்தைப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் இருந்தபோதே உன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. "பேச வரலைன்னா எழுதியாச்சும் காட்டுடி, நான் என்ன மந்திரவாதியா ஒன் மனசப் படிக்க?" என்று ஒருமுறை கத்தினாய். எழுதிக் காட்டுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால் கூச்சம் குறைவாக இருக்கிறது. இல்லை என்று எழுதிவிட்டேன், எழுதும்போதே குச்சியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நாம் சேர்ந்த அன்று என் அய்யா எங்கள் ஊரான சிக்கலிலிருந்து என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்தார். பத்தாவதோடு நின்று, வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னை, கண் ஆஸ்பத்திரியில் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே கணக்கைத் தீர்த்துச் சொன்னார்: "ரெண்டு வருசம். கடைசிப் பரீட்சையில பாஸாகி அந்தப் பேப்பரு கையில வந்துச்சுன்னா நீ வேலைக்குப் போ, நான் தடுக்கல. வரலைன்னா ஒங்கத்தை மகன் இருக்கான். பேசியாச்சு." நான் தலையாட்டினேன். பக்கத்தில் ஒரு சாக்குப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். அய்யா போனதும் கேட்டாய்: "அத்தை மகன் எப்படி இருப்பான்?"

"டிராக்டர் வச்சிருக்காக."

"நான் டிராக்டரையா கேட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கினேன். உன் சாக்கில் கமுதியிலிருந்து கொண்டு வந்த மிளகாய் வத்தல். அன்று விடுதி முழுக்கத் தும்மியது.

இருட்டறைப் பயிற்சியில் நம் இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். ஒருத்தி நோயாளியாக உட்கார வேண்டும், மற்றவள் கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் விட்டுப் பவர் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தினால் நம் கை நமக்கே தெரியாது. கருவியைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தைத் திருப்பியதும் அந்த இருட்டில் உன் கண் பாப்பா மட்டும் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். முகம் கிடையாது, உடம்பு கிடையாது, இரண்டு தணல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். முதல் தடவை பயந்து கருவியைக் கீழே போடப் பார்த்தேன்.

"உள்ள என்னடி எரியுது?" என்று தணலுக்குக் கீழிருந்து உன் குரல் வந்தது.

"மொளகாக் கொல்லை," என்றேன். நான் சொன்ன முதல் வேடிக்கை அது. இருட்டு என்பதால் வாயில் வந்தது. நீ சிரித்த சிரிப்பில் தணல் இரண்டும் ஆடின.

பிறகு எத்தனையோ பேர் கண்ணுக்குள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டேன். உன்னுடைய வலது கண்ணில் எள்ளளவு ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. அதை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

உனக்கு வந்த வேலை பார்வை அட்டை. எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டையில், மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஓர் உருவம் மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். பல் ஒருமுறை மேலே பார்க்கும், ஒருமுறை இடது பக்கம் பார்க்கும். தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மூன்று விரலை நீட்டி அது எந்தப் பக்கம் பார்க்கிறதென்று காட்ட வேண்டும். நீ அட்டைக்கு இடது ஓரத்தில் நின்று குச்சியால் தொட்டு, "சீப்போட பல்லு எங்கிட்டுப் பாக்குது?" என்று கூடம் அதிரக் கேட்பாய். என் முறை வந்தால் நான் "இது?" என்பேன். "சத்தமாக் கேளு, அவுகளுக்குக் கண்ணுதான் தெரியல, காது கேக்கும்" என்று பின்னாலிருந்து இடிப்பாய்.

நீ வேகமாக முடிப்பாய். காரணம், உன் கை ஒரே பாதையில்தான் போகும். மிளகாய்க் களத்தில் வத்தலைப் புரட்டிவிடுகிற கை. எந்த வரிசை என்றாலும் பார்த்துப் பொறுக்கி, கீழே, வலது, வலது, மேலே, இடது என்று தொட்டுக்கொண்டு வருவாய். இடது வந்ததும் பலகையில் குச்சியால் இரண்டு தட்டு. அடுத்த ஆள். பாத்திரம் கழுவும்போதும் வாய் அதையே முணுமுணுக்கும். கூட இருந்தவர்கள், "கீழ வலது வலது மேல இடது வந்துட்டாடீ" என்றுதான் உன்னைக் கேலி செய்தார்கள்.

பொறுப்பு அக்கா கண்டித்தார். "அட்டையைக் கலைச்சுக் காட்டணும். ஒரே மாதிரி காட்டினா ஆளுக மனப்பாடம் பண்ணிருவாக."

"எழுபது வயசுக் கெழவி மனப்பாடம் பண்ணி என்னக்கா கலெக்டராகப் போறா?" என்றாய். அக்காவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரவு பாடம் படிக்கும்போது, உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில், என் விரலும் பாயில் அதே பாதையைப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

தேவிபட்டினம் முகாமை நினைத்துப் பார்க்கிறேன். கடலோரப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பிள்ளைகள் வந்து ஜன்னல் கம்பியில் வௌவால் மாதிரி தொங்கினார்கள். உச்சி வெயில். கடலில் அலையே இல்லை, தகடு மாதிரி கிடந்தது. நடுவில் நவக்கிரகக் கற்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சொட்டு மருந்து விட்டவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தோம். வராந்தா பெஞ்சு நெடுக ஆணும் பெண்ணும் கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, ஒருவரும் பேசாமல், ஒரே பக்கம் முகம் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் பஞ்சு எடுத்துக்கொண்டு அந்த வரிசையைக் கடக்கும்போது கால் கூசியது. எல்லாரும் மூடிய இமைக்குள்ளிருந்து என்னையே பார்ப்பது போல இருந்தது.

வகுப்பறைக்குள் உன் குரல் மட்டும் ஓயவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டும் சொன்னார்கள், விரலாலும் காட்டினார்கள். "கீழ... வலது... வலது..." சாயங்காலம் வரை அதே பாட்டு. வத்தை என்கிற சின்னப் படகில் மீனுக்குப் போகும் ஒரு தாத்தா தடங்கல் இல்லாமல் கடகடவென்று முடித்தார். "தாத்தாவுக்குப் பருந்துக் கண்ணு!" என்று நீ உரக்கச் சொல்ல, வரிசையே கை தட்டியது. அவர் எழுந்து வாசல் நிலையைக் கையால் தடவிக்கொண்டு வெளியே போனார். நான் பார்த்தேன். வெயில் கூசுகிறது போல என்று நினைத்தேன்.

திரும்பும் வண்டியில் நீ என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "பரீட்சையில நானும் நீயும் அடுத்தடுத்த நாற்காலிடி. நம்பர் அப்படித்தான் வருது. ஒனக்கு வாய் வரலைன்னா நான் பக்கத்துல நின்னு தட்டுறேன். நீ பாட்டுக்குக் காட்டு."

பொங்கலுக்கு ஊருக்குப் போனாய். திரும்பி வந்தது விடுதிக்கு அல்ல, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சீருடையோடு ஓடி வந்தேன். பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அய்யா கட்டில் கால்மாட்டில் நின்றார். உனக்கு நினைவு இல்லை. கண் மூடியிருந்தது. வலது கை மட்டும் போர்வைக்கு மேல் அசைந்தது.

"வந்ததுல இருந்து இப்படித்தான் தாயி செய்யுது," என்றார். "யாரையோ கூப்பிடுது. செத்துப்போன அவுக ஆத்தா வந்து நிக்கிறாளோ என்னமோ. எனக்குப் பயமா இருக்கு."

மூன்று விரல் நீட்டியிருந்தாய். கீழே. வலது. மறுபடியும் வலது. மேலே. கை அங்கேயே தூக்கியபடி நின்றது. பிறகு துணி மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கீழே, வலது, வலது, மேலே. நீ யாரையும் கூப்பிடவில்லை. யாரோ உனக்கு அட்டை காட்டிக்கொண்டிருந்தார்கள். நீ உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடது வரும் என்று உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருந்தவரை வரவில்லை.

மறுநாள் போனபோது கை அசையவில்லை. மூச்சுக்கு இயந்திரம் வைத்திருந்தார்கள். உன் அய்யா என் சீருடைப் பையில் செருகியிருந்த டார்ச்சைப் பார்த்தார்.

"நீங்க கண்ணுக்குத்தான தாயி படிக்கிறிய? இவ கண்ணக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. கண்ணு நல்லாருக்கா?"

இமையைத் தூக்கினேன். எத்தனை முறை தூக்கிய இமை. டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் பட்டதும் பாப்பா சுருங்க வேண்டும். அது பெரிய கறுப்பு வட்டமாக அப்படியே இருந்தது. மற்றக் கண்ணும் அப்படியே. அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். கண்டதைச் சொல்ல வேண்டும், நோயைச் சொல்லக் கூடாது என்பதும் அதே மாதம் சொல்லிக் கொடுத்ததுதான். டாக்டர் வந்து சொல்வதற்கு முன்னால் அந்த வார்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி.

"நல்லாருக்கு அய்யா," என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு நல்ல கண்ணு தாயி. எங்க வம்சத்துலயே யாரும் கண்ணாடி போட்டதில்ல," என்றார்.

அதற்குப் பிறகு அறையில் நான் தனி. வேறு பிள்ளையைப் போடவா என்று அக்கா கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினேன். இருட்டறைப் பயிற்சிக்கு ஜோடி இல்லாததால் பிளாஸ்டிக் கண்ணில் பழகினேன். உள்ளே சிவப்புத் தாள் ஒட்டிய கண். வெளிச்சம் விட்டால் அதுவும் எரியும். ஒரு நாள் வலது பக்கத்தில் எள்ளளவு கறுப்பு தெரிந்தது. விளக்கைப் போட்டுப் பிரித்துப் பார்த்தேன். தாளில் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் தூசி இருந்திருக்கும்.

பரீட்சைக்கு முதல் வாரம் அய்யா போன் பண்ணினார். "என்ன, பேப்பரு வருமா?" என்றார். "தெரியலய்யா" என்றேன். "ஒங்கத்தை வைகாசியில வைக்கலாங்குது" என்றார். எழுத்துப் பரீட்சை எனக்குப் பிரச்சினை இல்லை. செய்முறையில்தான் பயம். வெளியூரிலிருந்து வருகிற டாக்டர் அம்மா முன்னால் ஒரு நோயாளியைப் பரிசோதித்து, கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லையென்றால் சிக்கல் பஸ்தான். ஒரு தடவைதான் உட்காரலாம் என்று அய்யா முன்பே சொல்லியிருந்தார்.

நீ சொன்னது சரி. நம்பர் அப்படித்தான் வந்தது. என் பக்கத்து நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. காலியாகவே கிடந்தது.

என் முறைக்கு ஓ.பி. வரிசையிலிருந்து அப்படியே ஓர் ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். உப்பில் ஊறிக் கறுத்த உடம்பு. கூட வந்த மருமகள் ஓயாமல் புலம்பினாள்: "நெலப்படில இடிச்சுக்கிறாரு, சோத்துத் தட்டுக்கு வெளிய கைய வைக்கிறாரு. கேட்டா நல்லாத் தெரியுதுங்கிறாரு. போன தடவ முகாமுல வேற பருந்துக் கண்ணுன்னு சொல்லிட்டாகளா, அதையே பிடிச்சுக்கிட்டாரு மனுசன்." தேவிபட்டினத்து வத்தைக்காரத் தாத்தா என்று அடையாளம் தெரிந்தது.

"சும்மா இருத்தா. எனக்கென்ன கொறச்சல்?" என்றார் தாத்தா.

டாக்டர் அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரிக் குச்சியை எடுத்துக்கொண்டு அட்டைக்கு ஓரத்தில் போய் நின்றேன். உன் இடம். தாத்தா இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். "இது?" என்றேன். மூன்று விரல் கீழே போனது. சரி. "இது?" வலது. சரி. அடுத்ததும் வலது. மேலே. இடது. அச்சுப் பிசகாமல் காட்டினார். மனசு லேசானது. பாஸாகிவிடுவேன் என்று நினைத்தேன்.

டக், டக்.

"தட்டாதேம்மா. சும்மா காட்டு," என்றார் டாக்டர் அம்மா, தலையைத் தூக்காமல்.

குச்சி என் கையில் பலகையைத் தொடாமல் இருந்தது. நான் தட்டவில்லை. தட்டினேனா? இன்று வரை சத்தியம் பண்ண முடியவில்லை. அடுத்த வரிசையைத் தொடக் குச்சியைத் தூக்கினேன். தொடுவதற்கு முன்பே, நான் "இது" என்று கேட்பதற்கு முன்பே, தாத்தாவின் விரல் கீழே காட்டியது.

என் கை எந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாதையை மாற்றினேன். மேலே பார்க்கிற சீப்பைத் தொட்டேன். அவர் வலது காட்டினார். இடதைத் தொட்டேன். மறுபடியும் வலது. கீழே பார்ப்பதைத் தொட்டேன். மேலே என்றார். நான் எதைத் தொட்டாலும் அவர் விரல் உன் வழியிலேயே போனது. பிறகு நின்றது. முகத்தை நான் நிற்கும் பக்கம் திருப்பி, எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நீ மாத்துற தாயி. அந்தப் புள்ள மாத்தாது. அதக் காட்டச் சொல்லு."

"எந்தப் பிள்ளை?" என்று டாக்டர் அம்மா நிமிர்ந்தார்.

"இந்தா தட்டுச்சே, அந்தப் புள்ளதான். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சத்தமாப் பேசுமே."

டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். முதல் வரிசைக்கு அவர் சொன்ன பதில் சரி. அதை வைத்துப் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதினால் என் வேலை முடிந்தது. இல்லை, இவர் மனப்பாடமாகச் சொல்கிறார் என்றால், அட்டையை ஒரே மாதிரி காட்டினேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அது இந்தப் பரீட்சையில் முதல் தப்பு. அய்யாவின் போன் ஞாபகம் வந்தது. வைகாசி ஞாபகம் வந்தது. காலி நாற்காலியைப் பார்த்தேன். உன் அய்யாவிடம் "நல்லாருக்கு" என்று சொன்ன குரல் என் காதில் கேட்டது. இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் ஆகாது.

"அம்மா, இந்த அய்யாவுக்கு அட்டை தெரியலை!" என்றேன். கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவ்வளவு சத்தமாக என் குரலை நான் கேட்டதில்லை. அது உன் குரல் மாதிரி இருந்தது. "மனப்பாடமா சொல்றாரு. நான் ஒரே வழியில காட்டிட்டேன்."

"கலைச்சுக் காட்டணும்னு சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்கம்மா."

"அப்புறம்?"

"கை பழகிப்போச்சும்மா."

யாரிடம் பழகியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து செய் என்றார். செய்தேன். அட்டையில் இருக்கும் மிகப் பெரிய சீப்புகூட அவருக்குத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே விரலை வைத்தால் வலது கண் எண்ணியது. இடது கண்ணுக்குக் கை அசைவதுதான் தெரிந்தது. மரத்துப்போகும் சொட்டு விட்டு அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்தேன். முள் அசையவே இல்லை. உள்ளழுத்தம் ஏறிக் கண் கல்லாகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெளிவான, அழகான, பளபளக்கும் கண். கண்டதை வரிசையாகச் சொன்னேன்.

"ஏன் தாத்தா இப்படிச் செஞ்சீங்க?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியலைன்னா மகன் வத்தைய வித்துருவான். என்னையக் கரையில குத்த வச்சுருவான். வரிசையில நிக்கிறப்ப எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னாக. கேட்டுக்கிட்டேன்." பிறகு மெதுவாக, "அந்தப் புள்ள ஏன் பேசமாட்டேங்குது?" என்றார்.

அன்றே டாக்டர்களிடம் அனுப்பினார்கள். போன பார்வை திரும்பாது, வலது கண்ணில் மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். முகாமிலேயே பிடித்திருந்தால் மிச்சம் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கும். உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ கேட்டிருந்தால் சாப்பிடாமல் படுத்திருப்பாய். மறுநாள் குச்சியை எடுத்துக்கொண்டு நீயே கிளம்பியிருப்பாய். அதனால்தான் நான் கிளம்பினேன்.

பொறுப்பு அக்காவிடம் போய், அதே பள்ளிக்கூடத்தில் மறுபடி முகாம் போட வேண்டும், அன்று அட்டை பார்த்தவர்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "பேசுறது நீயா?" என்றார். போன வாரம் போட்டார்கள். சாயங்காலம் வரை நான்தான் அட்டை காட்டினேன், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக. உன் வழியிலேயே விரலைக் காட்டியவர் இன்னும் ஓர் அம்மா கிடைத்தார். புரை. அறுத்தால் சரியாகிவிடும். பயந்துபோய் மறைத்திருக்கிறார். நாளைக்கு அவருக்கு ஆபரேஷன். கட்டு அவிழ்க்கும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

முகாம் முடிந்து பொருட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து அது கேட்டது. கடல் அன்றும் தகடாகத்தான் கிடந்தது. காற்று இல்லை. சின்னச் சின்னக் குரல்கள் சேர்ந்து, "கீழ... வலது... வலது..." என்றன. கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றிப் போனேன்.

மணலில் கட்டம் கீறிப் பிள்ளைகள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பாவாடைக்காரி ஒற்றைக் காலில் தாவினாள். மற்றவர்கள் சுற்றி நின்று சொன்னார்கள். கீழே ஒரு தாவல். வலது. வலது. மேலே. அந்த இடத்தில் அவள் கால் தூக்கியபடி நின்றாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினார்கள். ஆட்டமே அதுதான் போலிருக்கிறது, கடைசிக் கட்டத்தைச் சொல்லாமல் அவளை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது என்பது. அவள் தள்ளாடினாள். தூக்கிய கால் நடுங்கியது. போர்வைக்கு மேல் நின்ற உன் கை எனக்கு முன்னால் நின்றது.

"இடது!" என்று கத்தினேன்.

அவள் இடது பக்கம் தாவி, இரண்டு காலையும் ஊன்றி மணலில் இரண்டு முறை மிதித்தாள், எனக்குப் பலகையில் தட்டுவதாகவே கேட்டது. டக், டக். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். "அக்காவுக்கும் தெரியுதுடோய்!" அவள் கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெயிலுக்குப் பாப்பா சட்டென்று சுருங்கியது. எவ்வளவு நல்ல கண்.

"அந்த அக்கா வரலையா?" என்றாள்.

என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

பரீட்சையில் அட்டைப் பகுதிக்கு எனக்கு மதிப்பெண் தரவில்லை. மற்றதில் தேறி, ஓரத்தில் தொங்கிக்கொண்டு பாஸாகியிருக்கிறேன். அய்யாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "சரி," என்றார். போனை வைப்பதற்கு முன், "சத்தமாத்தான் பேசுற," என்றார்.

சட்டம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஆணி உன்னுடையது. காலையில் முதல் ஆள் வந்து உட்காரும் முன், கூடத்தில் யாரும் இல்லாதபோது, அட்டைக்கு முன்னால் நின்று உன் வழியை ஒருமுறை காற்றில் போடுகிறேன். கீழே, வலது, வலது, மேலே. நிறுத்தாமல் இடது வரைக்கும் கொண்டுபோய் முடித்துவிடுகிறேன். முடித்த பிறகுதான் கை என் சொல் கேட்கிறது. அதன்பின் நாள் முழுக்க நான் கலைத்துக் கலைத்துத்தான் காட்டுகிறேன்.